வாம்பயர் வேட்டைக்காரனும் அவன் விசுவாசமும்: இரண்டாம் பாகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை இரவுகளில் பேய்ப்படம் போடுவது வழக்கம். வருகிறவர்களில் லூர்து மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவர்கள் உண்டு, மாலை போட்டுச் சபரிமலை போகிறவர்கள் உண்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் தவறவிடாதவர்கள் உண்டு, சாமியே கிடையாது என்பவர்களும் உண்டு. வாம்பயர் படம், அதிலும் இரண்டாம் பாகம் மூன்றாம் பாகம் என்றால், முடிந்ததும் எழுகிற சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். படங்களின் முடிவைச் சொல்லாமல் பதில் சொல்ல வழியில்லை, பார்க்காதவர்கள் அதை மனதில் வைத்துப் படிக்கவும்.

கத்தி, துப்பாக்கி எல்லாம் இருக்கே, வாம்பயரைக் கொல்ல எதுக்குச் சிலுவை?

செத்தவன் குழியிலிருந்து எழுந்து வருவான் என்ற பயம் கிழக்கு ஐரோப்பிய கிராமங்களில் வெகுகாலமாக இருந்தது. அதைப் பொதுச்சொத்தாக்கியது பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவல். அதில் வாம்பயர் வெறும் மிருகம் இல்லை. சாகாமல் இருப்பதைக் குறுக்கு வழியில் அடைந்தவன். கிறிஸ்தவம் நித்திய ஜீவன் தருகிறேன் என்கிறது, இவன் அதன் கள்ளப் பதிப்பைத் தருகிறான். அங்கே ரத்தம் சிந்தி மற்றவரை வாழவைப்பது, இங்கே மற்றவர் ரத்தத்தைக் குடித்துத் தான் வாழ்வது. அதனால்தான் கத்தி உடம்பை மட்டும் வெட்டுகிறது, சிலுவை அவன் பொய்யையே தொடுகிறது.

நாவலின் தொடக்கத்தில் ஒரு சின்ன விஷயம் உண்டு. டிராகுலாவின் கோட்டைக்குக் கிளம்பும் ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் ஆங்கிலேய வழக்கறிஞனைத் தடுக்கப் பார்க்கிறாள் விடுதிக்காரக் கிழவி. முடியாதபோது தன் கழுத்தில் ஜெபமாலையோடு இருந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு உருவம் பதித்த சிலுவையை, கழற்றி அவனிடம் நீட்டுகிறாள். அவன் ஆங்கிலத் திருச்சபைக்காரன், இதையெல்லாம் விக்கிரக வழிபாடு என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். இருந்தாலும் அந்த அம்மாவின் மனம் நோகக்கூடாதே என்று தயங்கி நிற்கிறான், அவளே ஜெபமாலையை அவன் கழுத்தில் போட்டுவிடுகிறாள். பிறகு சவரம் செய்யும்போது கன்னம் கீறி ரத்தம் வர, டிராகுலா பாய்ந்து தொண்டையைப் பிடிக்க, கை அந்த ஜெபமாலை மணிகளில் பட்டதும் வெறி அடங்கிவிடுகிறது. போட்டிருந்தவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை, கொடுத்தவளுக்கு இருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வான் ஹெல்சிங் ஃபாதரா, டாக்டரா?

டிராகுலாவை வேட்டையாடும் இவர் நாவலில் டாக்டர். ஆம்ஸ்டர்டாம்காரர், பேராசிரியர், கத்தோலிக்கர். ரத்தமும் ஏற்றுவார், கல்லறை வாசலை நற்கருணை அப்பத்தாலும் அடைப்பார். இரண்டும் அவருக்கு ஒன்றோடொன்று மோதவில்லை. 1958இல் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் எடுத்த படத்தில் பீட்டர் குஷிங் செய்த வான் ஹெல்சிங்கும் அப்படித்தான். 2004இல் வந்த 'வான் ஹெல்சிங்' படத்தில் அவரைத் தொப்பி போட்ட சாகச வீரனாக்கி வத்திக்கானின் ரகசியப் படையில் சேர்த்துவிட்டார்கள். அது வேறு ஆள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வெயில் பட்டா எரிஞ்சு போறது வேதத்துல இருக்கா?

இல்லை. நாவலிலும் இல்லை. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுவான், சக்திதான் குறைவு. வெயிலால் வாம்பயர் அழிவது 1922இல் முர்னோ எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப் படத்தில் வந்தது. அப்புறம் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு படத்துல சிலுவையைப் பார்த்ததும் அலறி ஓடுது, இன்னொரு படத்துல பிடுங்கி வீசிட்டுச் சிரிக்குது. எது சரி?

இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. முதல் சட்டப்படி சக்தி பொருளில் இருக்கிறது. 1958 படத்தின் கடைசியில் குஷிங் சாப்பாட்டு மேசை மேல் ஓடித் தாவி ஜன்னல் திரையைக் கிழிக்கிறார். வெளிச்சம் விழுந்து டிராகுலாவின் கால் பொசுங்குகிறது. உடனே இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளை எடுத்துக் குறுக்காகப் பிடித்து அவனை வெளிச்சத்துக்குள் தள்ளுகிறார். அது கோயில் சிலுவை இல்லை, யாரும் மந்திரிக்கவில்லை. அந்த வடிவமே போதும். ஜொனாதன் கழுத்தில் கிடந்த ஜெபமாலையும் இந்தச் சட்டத்தில்தான் வேலை செய்தது.

இரண்டாவது சட்டப்படி சக்தி பிடித்திருப்பவனிடம் இருக்கிறது. 1985இல் வந்த 'ஃபிரைட் நைட்' படத்தில் பீட்டர் வின்சென்ட் என்பவர் டிவியில் வாம்பயர் வேட்டைக்காரனாக நடித்துப் பிழைக்கிற பழைய நடிகர். நிஜ வாம்பயரிடம் சிலுவையை நீட்டுகிறார். உனக்கு விசுவாசம் இருந்தால்தான் இது என்னிடம் எடுபடும் என்று சொல்லி அது பிடுங்கி எறிந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கிற பள்ளிக்கூடப் பையன் சார்லி தன் சிலுவையை உயர்த்துகிறான், வாம்பயர் பின்வாங்குகிறது. படம் முடிவதற்குள் அந்த நடிகரின் கையிலும் சிலுவை வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

இந்தச் சட்டத்தை ஆழமாகத் தொட்டவர் ஸ்டீஃபன் கிங். 1975இல் வந்த அவருடைய 'சேலம்ஸ் லாட்' நாவலில் காலஹன் என்ற கத்தோலிக்க குரு. ஒரு சிறுவனைப் பிடித்து வைத்திருக்கும் பார்லோ என்ற வாம்பயர் முன் சிலுவையோடு நிற்கிறார். சிலுவை ஒளிவிடுகிறது. பார்லோ பையனை விட்டுவிட்டுச் சவால் விடுகிறான்: அந்தச் சிலுவையைத் தூக்கிப் போடு, உன் விசுவாசமா என் விசுவாசமா பார்த்துவிடலாம். காலஹன் தயங்குகிறார். அந்தத் தயக்கத்திலேயே ஒளி மங்கிப் போகிறது, பார்லோ கையை நீட்டிச் சிலுவையை எடுத்து முறித்துப் போடுகிறான். அதே நாவலில் அதே சிறுவன், பொம்மை மயானத்தில் நட்டிருந்த பிளாஸ்டிக் சிலுவையைப் பிடுங்கி ஒரு வாம்பயரை ஜன்னலோடு விரட்டியிருக்கிறான். குருவானவரின் சிலுவை தோற்றது, பிளாஸ்டிக் சிலுவை ஜெயித்தது. எது சரி என்று கேட்டால், எனக்கு இரண்டாவது சட்டம்தான் சரி. முதல் சட்டத்தில் சிலுவை ஒரு கருவி. இரண்டாவதில் பிடித்திருப்பவன் தன்னையே பணயம் வைக்கிறான்.

முதல் பாகத்துலதான் விசுவாசம் வந்தாச்சே? அப்புறம் பார்ட் டூல ஏன் மறுபடியும் ஜீரோல இருந்து ஆரம்பிக்குறாங்க?

கதை நகர வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் நல்ல இரண்டாம் பாகங்களில் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது: அற்புதத்தைக் கண்ணால் பார்த்தவனுக்கும் நாள்பட்டால் அது கரைந்துபோகும். 1988இல் வந்த 'ஃபிரைட் நைட் பார்ட் 2' அங்கேதான் தொடங்குகிறது. முதல் படத்தில் பிளாஸ்டிக் சிலுவைச் சிறுவனைப் போல் சந்தேகமே இல்லாமல் நின்ற சார்லி, இப்போது கல்லூரி மாணவன். மனநல மருத்துவரிடம் போய்ப் போய், பக்கத்து வீட்டில் இருந்தது வாம்பயரே இல்லை, தொடர்கொலைகாரன், நான்தான் பயத்தில் கற்பனை செய்துகொண்டேன் என்று ஏற்றுக்கொண்டுவிட்டான். முதல் படத்தில் அவநம்பிக்கையோடு இருந்த கிழ நடிகர்தான் இப்போது உறுதியாக இருக்கிறார். அந்த உறுதிக்காக அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போடுகிறார்கள்.

படம் முதல் பாகத்தளவு கச்சிதம் இல்லை. வாம்பயர் கூட்டத்தின் கூத்து அதிகம். ஆனால் இந்த இடமாற்றம் ஒன்றுக்காக நான் அதை மாடியில் திரும்பத் திரும்பப் போடுகிறேன். முதல் பாகம் கேட்பது, வாம்பயர் இருக்கிறதா என்று. இரண்டாம் பாகம் கேட்பது, நீ பார்த்ததை இன்னும் நம்புகிறாயா என்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

ஆப்பு அடிச்சும் டிராகுலா அதைப் பிடுங்கிப் போட்டானே, அது எந்தப் படம்? ஏன் சாகலை?

1968இல் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் இயக்கிய 'டிராகுலா ஹேஸ் ரைசன் ஃப்ரம் தி கிரேவ்'. ஹேமர் வரிசையில் நான்காவது, கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாக நடித்ததில் மூன்றாவது. கதாநாயகன் பால், நாத்திகன். காதலியின் பெரியப்பா முறையிலிருக்கும் மூத்த குருவானவர் சாப்பாட்டு மேசையில் கேட்கும்போது பொய் சொல்லாமல், எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்கிறான். பெரியவர் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். பிறகு அந்தப் பெரியவர் டிராகுலாவின் ஆளால் அடிபட்டு இறக்கிறார், பொறுப்பு பாலின் தலையில் விழுகிறது.

பால் டிராகுலாவின் சவப்பெட்டியைக் கண்டுபிடித்துப் பெரிய ஆப்பை நெஞ்சில் இறக்குகிறான். ரத்தம் கொப்பளிக்கிறது. கூட நிற்கும் இன்னொரு குருவானவர், டிராகுலாவுக்கு அடிமையாகிப் போனவர், ஜெபம் சொல்லு, இல்லாவிட்டால் சாகமாட்டான் என்று பதறுகிறார். பாலால் சொல்ல முடியவில்லை. அந்தக் குருவானவராலும் முடியவில்லை. டிராகுலா எழுந்து இரண்டு கையாலும் ஆப்பைப் பிடுங்கி எறிகிறான். இந்தக் காட்சி லீக்கே பிடிக்கவில்லை, ஆப்பு இறங்கினால் முடிந்தது என்பதுதானே விதி என்று ஆட்சேபித்திருக்கிறார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்த விதியை உடைத்ததால்தான் படம் நிற்கிறது. அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்: நேர்மையான நாத்திகன் ஒருவன், விசுவாசத்தைத் தொலைத்த குரு ஒருவர். பலம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, மரக்கட்டை இருக்கிறது. ஜெபம் இல்லை.

கடைசியில் டிராகுலா மலைச்சரிவில் விழுந்து ஒரு பெரிய சிலுவையில் குத்திக்கொண்டு துடிக்கிறான். அப்போது அந்த உடைந்த குருவானவர் லத்தீனில் பரலோக மந்திரம் சொல்ல ஆரம்பிக்கிறார், டிராகுலா கரைந்து போகிறான். பால் கைதூக்கிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறான். இதை நாத்திகனை மதம் மாற்றும் காட்சி என்று குறைசொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. படத்தில் அதிகம் மாறுவது அந்தக் குருவானவர்தான். முதல் காட்சிகளிலேயே பயத்தால் விழுந்தவர், தன் ரத்தத்தாலேயே டிராகுலாவை எழுப்பியவர், எழுந்து நிற்கிற இடம் அது.

அப்போ 'பிளேட்' படத்துல சிலுவை, தீர்த்தம் ஒண்ணுமே இல்லையே? அங்க சாமி இல்லையா?

'பிளேட்' 1998இல், இரண்டாம் பாகம் 2002இல், மூன்றாம் பாகம் 2004இல். அந்த உலகில் வாம்பயர் என்பது ரத்தத்தில் பரவும் தொற்று. வேட்டைக்காரன் பிளேடுக்குத் துணையாக இருப்பவள் ரத்தவியல் மருத்துவர். வெள்ளி, பூண்டு, புற ஊதாக் கதிர் ஆகியவை வேலை செய்யும், சிலுவை வேலை செய்யாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். விசுவாசம் முழுக்க எதிர்த்தரப்பிடம் போய்விட்டது: முதல் பாகத்தின் வில்லன் பழைய வேதச்சுவடியைப் படித்து ரத்தத் தெய்வத்தை எழுப்பப் பார்க்கிறான். 2007இல் வந்த '30 டேஸ் ஆஃப் நைட்' இன்னும் கடுமை. கடவுளே என்று கெஞ்சும் பெண்ணிடம் வாம்பயர் தலைவன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கடவுள் இல்லை என்கிறான்.

நான் இந்தப் படங்களை மதிக்கிறேன், குறிப்பாக கியெர்மோ டெல் டோரோவின் இரண்டாம் 'பிளேட்'. ஆனால் மருந்தால் தீரும் பிரச்சினைக்கு மூன்று பாகம் எடுத்தால் ஆயுதம்தான் பெரிதாகிக்கொண்டே போகும். வேட்டைக்காரனுக்கு உள்ளே இழப்பதற்கு ஒன்றும் இருக்காது. மூன்றாம் பாகத்தில் அது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

வத்திக்கான் நிஜமாவே சம்பளம் கொடுத்து வாம்பயர் வேட்டைக்காரங்களை வைச்சிருக்கா?

இல்லை. பேயோட்டும் குருக்கள் உண்டு. அவர்களுடைய சர்வதேச சங்கத்தை வத்திக்கான் 2014இல் அங்கீகரித்தது. அது பிசாசு பிடித்தவர்களுக்காக. வாம்பயருக்கு அங்கே துறை இல்லை.

வரலாறு இதற்கு நேர்மாறானது. 18ஆம் நூற்றாண்டில் செர்பியா, மொராவியா பக்கம் வாம்பயர் பீதி கிளம்பி ஊர்க்காரர்கள் பிணங்களைத் தோண்டி ஆப்படித்துக் கொளுத்தினார்கள். 1732இல் ராணுவ மருத்துவர்களே போய் அறிக்கை எழுதினார்கள். பிரெஞ்சுத் துறவி அகஸ்டின் கால்மே 1746இல் இதைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். போப் 14ஆம் பெனடிக்ட் இதை மனப்பிரமை என்றே கருதினார். ஆஸ்திரிய அரசி மரியா தெரசா தன் மருத்துவர் கெரார்டு வான் ஸ்வீட்டெனை விசாரிக்கச் சொல்லி, 1755இல் பிணத்தைத் தோண்டுவதையும் ஆப்படிப்பதையும் தடைசெய்தார். மொத்தத்தில் ஆப்பைத் தூக்கியவர்கள் கிராமத்தார். தடுத்தவர்கள் அரசும் படித்தவர்களும்.

வத்திக்கான் கூலிப்படை என்பதைச் சினிமாவில் நன்றாகச் செய்தது ஜான் கார்ப்பென்டரின் 'வாம்பயர்ஸ்' (1998). அதில் கர்தினால் ஒருவரே வயதாகி, சாவு நெருங்க நெருங்க விசுவாசம் ஆட்டங்கண்டு, சாகாவரத்துக்காக வாம்பயர் பக்கம் சாய்கிறார். பயந்தாங்கொள்ளியாக வரும் இளம் ஃபாதர்தான் உருப்படியாகத் தேறுகிறார். 2002இல் வந்த இரண்டாம் பாகம் 'லோஸ் முயெர்ட்டோஸ்'. பாடகர் ஜான் பான் ஜோவி வேட்டைக்காரனாக வருகிறார். கடிபட்ட பெண் மாத்திரை போட்டுக்கொண்டு மனுஷியாகவே இருக்கிறாள். விசுவாசம் ஓரமாக ஒதுங்கிவிட்டது. இதை இயக்கிய டாமி லீ வாலஸ்தான் மேலே சொன்ன 'ஃபிரைட் நைட் பார்ட் 2'வையும் இயக்கியவர் என்பது என்னை இன்னும் வருத்தப்படுத்துகிறது. மூன்றாம் பாகம் 2005இல் தாய்லாந்துக்குப் போய்விட்டது.

யூதாஸ்தான் டிராகுலான்னு ஒரு படத்துல வருதாமே? அது தப்பில்லையா?

'டிராகுலா 2000'. முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ் தூக்குப் போட்டும் சாக முடியாமல் டிராகுலாவானான் என்பது கதை. அதனால்தான் வெள்ளி ஆகாது, சிலுவை ஆகாது. வேதத்தில் அப்படி இல்லை என்பது சொல்லாமலே தெரியும். ஆனால் கற்பனையாக இது கனமானது. சிலுவையை வெறுப்பதற்கு இவனைவிடச் சொந்தக் காரணம் உள்ள வாம்பயர் கிடையாது.

அதோட ரெண்டாம் மூணாம் பாகத்துல சாட்டையால அடிச்சுக்குற ஃபாதர் வர்றாரே, அவர் கதை என்ன?

2003, 2005இல் தியேட்டருக்கு வராமல் நேராக டிவிடியில் வந்தவை. இங்கே பலர் பர்மா பஜார் கடைகளில் வாங்கித்தான் பார்த்தார்கள். ஃபாதர் உஃபிட்சியாக ஜேசன் ஸ்காட் லீ. வேட்டையில் அவருக்கே தொற்று ஏறிவிடுகிறது. தினமும் வெயிலில் தன்னைச் சுட்டுக்கொண்டு, சாட்டையால் அடித்துக்கொண்டு அந்த ரத்தத்தை அடக்குகிறார். தவக்காலத்தில் உபவாசம் இருந்து வளர்ந்தவர்களுக்கு அந்த உருவம் அந்நியமாக இருக்காது. எங்கள் மாடியில் சத்தமே இல்லாமல் பார்த்த காட்சி அது.

குறை எங்கே என்றால், முதலாவதாகக் காசு போதாத படங்கள். இரண்டாவதாக, அவர் ஜெபிப்பதை நாம் பார்ப்பதே இல்லை. சண்டை மட்டும் உண்டு. மூன்றாம் பாகத்தில் ருமேனியாவுக்குப் போய் டிராகுலாவை முடித்துவிட்டு, கடைசியில் அவரே வாம்பயராகி அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுகிறார். 1968 படத்தின் குருவானவர் போன வழிக்கு நேர் எதிர்த்திசை.

நான் இந்து. அவன் பாய். எங்க கையில சிலுவை வேலை செய்யுமா?

மாடியில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பூஜை அறையில் வேளாங்கண்ணி மாதா படம் வைத்திருக்கும் வீடுகளும், தர்காவில் பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டும் வீடுகளும் இருக்கிற சென்னையில் இது வராமல் இருக்காது. 1954இல் ரிச்சர்ட் மாத்திசன் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில் இதற்கு ஒரு பதில் உண்டு. யூதராக இருந்து வாம்பயரானவர் சிலுவைக்குப் பயப்படவில்லை, யூத வேதமான தோராவுக்குப் பயப்பட்டார். அதாவது வாம்பயர் உயிரோடு இருந்தபோது எதைப் புனிதம் என்று நம்பியதோ அதுதான் சுடும். போலன்ஸ்கியின் 1967 படத்திலும் யூத விடுதிக்காரர் வாம்பயரானதும் சிலுவையைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஹேமரின் கடைசி டிராகுலா படம் 1974இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸோடு சேர்ந்து எடுத்த 'தி லெஜண்ட் ஆஃப் தி செவன் கோல்டன் வாம்பயர்ஸ்'. அதில் குஷிங்கின் வான் ஹெல்சிங்கே ஒப்புக்கொள்கிறார்: ஐரோப்பாவில் சிலுவை, இங்கே புத்தர் உருவம். 1985இல் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' முழுக்கச் சீனத் தாவோ மதப் பூசாரியின் உலகம். மஞ்சள் காகிதத்தில் எழுதிய மந்திரத்தை நெற்றியில் ஒட்டினால் குதித்து வரும் பிணம் நின்றுவிடும், பசையரிசி விஷத்தை இழுக்கும். 1986, 87, 88 என்று வருடத்துக்கொரு பாகம் வந்தது. அந்தப் பூசாரிக்கு விசுவாசம் ஆட்டம் காணவே இல்லை. அவருக்கு அது படித்த வித்தை.

ஆக, நேரடிப் பதில்: இரண்டாவது சட்டப்படி நீங்கள் எதற்காக உயிரைக் கொடுப்பீர்களோ அது உங்கள் கையில் வேலை செய்யும். அது திருநீறா, சிலுவையா, ஓதிய குர்ஆன் ஆயத்தா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம்ம பேய்ப்படங்கள்ல பார்ட் டூ, த்ரீ எல்லாம் வருது. ஆனா யாருக்கும் இந்த மாதிரி சந்தேகமே வரலையே, ஏன்?

நம் படங்களில் கடைசியில் தெய்வமே நேரில் வந்துவிடுகிறது. அம்மன் பாட்டு, வேப்பிலை, குங்குமம், தீ. பூசாரி தோற்றாலும் ஆத்தா தோற்பதில்லை. அதனால் மனிதன் தனியாக நின்று நடுங்கவேண்டிய இடமே வருவதில்லை. எனக்கு அந்தக் கிளைமாக்ஸ்கள் பிடிக்கும், கண் கலங்கும். ஆனால் வேட்டைக்காரனின் தனிமை அதில் இல்லை.

அது நம் கதைகளிலேயே இல்லை என்று சொல்லாதீர்கள். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் வழியில் திருவாலங்காடு, அதை ஒட்டிப் பழையனூர். போன பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி வருகிறாள் பேயான நீலி. அவனிடம் மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. மனைவி வேடத்தில், கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் வேளாளர்களிடம் போய் அழுகிறாள்: இவர் கையில் வாள் இருக்கும்வரை எனக்குப் பயம். அவர்கள் நம்பி, உனக்கு ஒன்று ஆனால் நாங்கள் உயிர் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்து, வாளை வாங்கி வைத்துவிடுகிறார்கள். இரவில் அவனைக் கொன்றுவிடுகிறாள். எழுபது வேளாளர்களும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள்.

சிலுவையைத் தூக்கிப் போடு என்று பார்லோ கேட்டதும் வாளைக் கீழே வை என்று நீலி கேட்டதும் ஒன்றுதான். நம் கதை ஒரு படி மேலேயும் போகிறது, ஏனென்றால் விசுவாசம் அங்கே கொடுத்த வாக்கில் இருக்கிறது. இதை ஒரு தமிழ் இயக்குநர் எடுத்துக்கொண்டு, அந்த எழுபது பேர் குடும்பத்தில் பிறந்த ஒருவனை வேட்டைக்காரனாக்கி இரண்டாம் பாகம் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வாம்பயரே ஜெபம் சொன்னா?

2025இல் ரையன் கூக்ளர் எடுத்த 'சின்னர்ஸ்' இந்தக் கேள்வியோடுதான் முடிவை நோக்கிப் போகிறது. சாம்மி என்ற போதகரின் மகன், வாம்பயர் கையில் சிக்கிப் பரலோக மந்திரம் சொல்ல ஆரம்பிக்கிறான். வாம்பயர்களும் சேர்ந்து சொல்கின்றன. ஐரிஷ் வாம்பயரான ரெம்மிக், என் அப்பாவின் நிலத்தைப் பிடுங்கியவர்கள் எங்கள் மேல் திணித்த வார்த்தைகள் இவை, ஆனாலும் ஆறுதலாகத்தான் இருக்கின்றன என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். இது இரண்டு சட்டங்களையும் தாண்டிய இடம். பொருளிலும் சக்தி இல்லை, பிடித்திருப்பவனும் தோற்கவில்லை, ஜெபம் இரு தரப்புக்கும் பொதுவாகிவிட்டது. இதற்குத் தொடர்ச்சி எடுத்தால் வேட்டைக்காரன் எதைக் கையில் எடுப்பான் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதையெல்லாம் பார்த்தா பிள்ளைங்க விசுவாசம் கெட்டுப் போகாதாப்பா?

கேட்டவர் எங்கள் தெரு ஆன்ட்டி, தினமும் காலைப் பூசைக்குப் போகிறவர். ஆன்ட்டி, ரத்தமும் ஆபாசமும் இருக்கிற படங்களைப் பதினெட்டு வயதுக்குள் காட்டவே கூடாது, அதில் மாற்றுக் கருத்தில்லை. விசுவாசத்தைப் பொறுத்தவரை, சிலுவையை மந்திரக்கோல் மாதிரி ஆட்டும் படங்களைவிட, ஜெபம் வராமல் திணறுகிறவனைக் காட்டும் படங்கள் அதற்கு மரியாதை செய்கின்றன என்பது என் எண்ணம்.

வேட்டைக்காரனையே கடிச்சுட்டா அவன் கதி?

1960இல் வந்த 'பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா', ஹேமரின் இரண்டாம் பாகம். வான் ஹெல்சிங்கைக் கடித்துவிடுகிறார்கள். அவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை எடுத்துத் தன் கழுத்துக் காயத்தில் தானே வைத்துச் சுட்டுக்கொண்டு, அதன்மேல் தீர்த்தம் ஊற்றுகிறார். தழும்பு மறைகிறது. மருத்துவரும் விசுவாசியும் ஒரே ஆள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. உஃபிட்சியின் கதி மேலே சொன்னேன்.

காலஹனின் கதை நீளமானது. பார்லோ அவரைக் கொல்லவில்லை, தன் ரத்தத்தைக் குடிக்க வைக்கிறான். பிறகு காலஹன் தன் கோயில் கதவைத் தொட்டதும் கை சுட்டுவிடுகிறது. ஊரை விட்டே போகிறார். 1979இல் வந்த தொலைக்காட்சி வடிவத்தில் இந்தப் பாத்திரத்தைச் சுருக்கிவிட்டார்கள். அதில் பார்லோ பேசவே மாட்டான், சவாலை அவன் ஆள்தான் சொல்வான். அதன் தொடர்ச்சியாக 1987இல் லாரி கோஹன் எடுத்த 'எ ரிட்டர்ன் டு சேலம்ஸ் லாட்' படத்தில் காலஹனே இல்லை. இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர் நடித்த நாஜி வேட்டைக்காரர் ஒருவர் வாம்பயர் வேட்டைக்கு வருகிறார்.

காலஹனை மீட்டவர் ஸ்டீஃபன் கிங்தான், 'தி டார்க் டவர்' வரிசையில். 2003இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அவர் ஒரு கிராமத்தில் மறுபடி குருவாக இருக்கிறார். 2004இல் வந்த ஏழாம் பாகத்தில் வாம்பயர் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது பழைய சவாலே திரும்ப வருகிறது: சிலுவையை எறி. உன்னைப் போன்ற ஒன்றின் சவாலுக்காக என் விசுவாசத்தை நான் பணயம் வைக்கத் தேவையில்லை என்று சொல்லி, எறியாமல், சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறார். அப்போதும் அவற்றால் நெருங்க முடியவில்லை. இந்தக் காட்சியைப் படமாக எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எடுக்கிறவர்கள் அதற்கு முன் 1975 நாவலின் அந்த முதல் சவாலை, பையனோடும் முறிந்த சிலுவையோடும், முழுசாக எடுத்துவிட்டு வர வேண்டும்.